மூன்றாம் பாலோடு நிறுத்துங்கள்: மால்ட்டை ஊறவைப்பதும் அலசி எடுப்பதும்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்துத் தம்பி ஒருவர், இப்போது லண்டன் பக்கம் வேலையில் இருப்பவர், கேட்டிருக்கிறார்: "டின்னில் வரும் மால்ட் (முளைவிட்டு உலர்த்திய பார்லி) சாற்றை வைத்து வீட்டில் இரண்டு தடவை பீர் போட்டேன். நன்றாகவே வந்தது. மூன்றாவது தடவை நேராகப் பார்லி மால்ட்டிலிருந்து தொடங்கினேன். 4.5 கிலோ. சாற்றில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டுகிற ஹைட்ரோமீட்டர் (வெறும் தண்ணீரில் 1.000) கொதித்து முடிந்ததும் 1.046 காட்டியிருக்க வேண்டும், 1.034 காட்டியது. சாறு இறக்கும்போதே இனிப்புப் போதவில்லை என்று தோன்றியதால், கெட்டிலில் கொதித்த தண்ணீரை இரண்டு மூன்று தடவை கூடுதலாக ஊற்றி அலசியிருந்தேன். இப்போது பீர் சப்பென்றும் இருக்கிறது, கடைசியில் நாக்கையும் இழுக்கிறது. மேஷ் (மால்ட்டை வெந்நீரில் ஊறவைப்பது), ஸ்பார்ஜ் (பிறகு அலசி எடுப்பது) இரண்டில் எதில் தப்பு?"

இரண்டிலும்தான். ஆனால் முதல் தப்பு முதல் பத்து நிமிடத்தில் நடந்திருக்கும். இரண்டாவது, அதைச் சரிக்கட்டப் போன இடத்தில் நடந்தது.

பதிலுக்குப் போகுமுன் ஒன்று. நீங்கள் இருக்கும் ஊரில் சொந்தத் தேவைக்கு வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு 1963லிருந்து உரிமம் வேண்டாம். விற்கத்தான் கூடாது. நம் தமிழ்நாட்டில் அப்படியில்லை. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சுவது குற்றம். விடுமுறைக்கு வரும்போது சாமானைக் கட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். நானும் சாயல்குடிப் பக்கம்தான். இங்கிலாந்தில் ஒரு சிறிய மதுவடிசாலையில் எட்டு வருடம் மேஷ் தொட்டி கழுவியதில் தொடங்கி, பிறகு அதைக் கலக்கும் வேலைக்கு வந்தவன். ஊர் திரும்பிய பிறகு காய்ச்சுவதில்லை, பேசுவதோடு சரி.

சரி, மேஷ் எதற்கு? நம் பனையை நினைத்துப் பாருங்கள். பதநீர் பாளையிலிருந்து இறங்கும்போதே சர்க்கரையோடு இறங்குகிறது. கலயத்தில் சுண்ணாம்பு தடவாமல் விட்டால் மதியத்துக்குள் தானாகவே நுரைத்துக் கள்ளாகிவிடும். பார்லியிடம் அந்த வசதி இல்லை. அதில் இருப்பது மாவுச்சத்து. பீர் ஈஸ்ட்டுக்கு மாவுச்சத்தைத் தின்னத் தெரியாது, சர்க்கரைதான் வேண்டும். மாவைச் சர்க்கரையாக்கிக் கொடுப்பதுதான் மேஷ். அந்தச் சர்க்கரையைச் சக்கையில் விட்டுவிடாமல் அலசி எடுப்பது ஸ்பார்ஜ். வேறொன்றும் இல்லை.

மாவைச் சர்க்கரையாக்குகிற நொதிகள் தானியம் முளைவிடும்போது உருவாகி வேலைக்குத் தயாராகின்றன. முளைவிட்ட பார்லியைச் சரியான நேரத்தில் உலர்த்தி வாட்டி நிறுத்தியதுதான் மால்ட். இதைக் கண்ணால் பார்க்க ஆசையிருந்தால் கேழ்வரகுக் கஞ்சி போதும். சாதாரணக் கேழ்வரகு மாவில் கெட்டியாக ஒரு கஞ்சி காய்ச்சி, கை பொறுக்காத சூடு வரை ஆறவிட்டு, முளைகட்டிக் காயவைத்து அரைத்த மாவு ஒரு கரண்டியைத் தூவிக் கலக்குங்கள். கரண்டி நிற்கிற அளவுக்கு இருந்த கஞ்சி கொஞ்ச நேரத்தில் இளகித் தண்ணீர் மாதிரி ஓடும். வாயில் வைத்தால் லேசாக இனிக்கும். பிள்ளைகளுக்கு முளைகட்டிய மாவில் கஞ்சி கொடுக்கும்போது அம்மாக்கள் கண்ட மாற்றம்தான். அதே கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கும்போது தூவினால் ஒன்றும் நடக்காது, நொதி செத்துவிடும். மேஷில் சூட்டை இவ்வளவு கவனமாகப் பார்ப்பது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

மால்ட்டில் நமக்கு முக்கியமானவை இரண்டு நொதிகள். பீட்டா அமிலேஸ் 60 முதல் 65 டிகிரி வரை நன்றாக வேலை செய்யும். மாவுச்சத்து என்பது சர்க்கரை கோத்த நீளச் சங்கிலி, அதன் நுனியிலிருந்து இரண்டிரண்டாக வெட்டி, ஈஸ்ட் முழுசாகத் தின்னக்கூடிய சர்க்கரையைத் தரும். ஆல்ஃபா அமிலேஸ் 70 டிகிரிப் பக்கம் சுறுசுறுப்பு. நடுவில் கண்ட இடத்தில் வெட்டும், அதில் ஈஸ்ட் தின்ன முடியாத நீளத் துண்டுகளும் மிஞ்சும். அதனால் 63இல் ஊறவைத்தால் பீர் வறண்டு, இலேசாக வரும். 69இல் வைத்தால் வாயில் கனமாக நிற்கும். முதலில் இரண்டுக்கும் நடுவே 66, 67 என்று பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு டிகிரி அப்படி இப்படிப் போனால் குடி முழுகாது.

நான் ஒருமுறை வீட்டில் மலிவாக வாங்கிய வெப்பமானியை நம்பி 67 என்று நினைத்து வைத்தேன். அது ஏழு டிகிரி குறைத்துக் காட்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. உள்ளே உண்மையில் 74. சர்க்கரை என்னவோ வந்தது. ஆனால் ஈஸ்ட் 1.022க்குக் கீழே இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. இரண்டு வாரம் கழித்தும் அதே 1.022. மீன் பிடிக்கப் போகிறவன் வலையைப் பார்த்துக்கொள்வதுபோல, நீங்கள் வெப்பமானியைப் பாருங்கள். கொதிக்கும் தண்ணீரில் 100, உருகும் ஐஸில் 0 காட்டுகிறதா என்று சோதிக்க ஐந்து நிமிடம் போதும்.

இனி உங்கள் முதல் பத்து நிமிடம். நீங்கள் சொல்லாத இரண்டு விஷயத்தின் மேல் எனக்குச் சந்தேகம். ஒன்று, மால்ட் உடைத்த பதம். கடையில் உடைத்து வாங்கினீர்களா, வீட்டில் உடைத்தீர்களா? வேண்டியது நொய்ப் பதம். மாவாக அரைபடவும் கூடாது, முழு மணியாக மிஞ்சவும் கூடாது. உள்ளே இருக்கும் மாவு மூன்று நான்கு துண்டாக வேண்டும், மேலே இருக்கும் உமி கிழியாமல் இருக்க வேண்டும், அந்த உமியால் பின்னால் பெரிய வேலை இருக்கிறது. உருளை மில்லில் இடைவெளி 1 மில்லிமீட்டர் பக்கம் வைப்பார்கள். கையில் ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். ஆங்காங்கே முழு மணி முழித்துப் பார்த்தால் உங்கள் சர்க்கரை அதற்குள்தான் இருக்கிறது. மிக்ஸியில் மட்டும் போட்டுவிடாதீர்கள், உமியும் தூளாகிவிடும்.

இரண்டாவது, கட்டி. களி கிண்டத் தெரிந்த வீட்டில் பிறந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுடுதண்ணீரில் மாவை மொத்தமாகக் கொட்டினால் வெளியே வெந்து உள்ளே காய்ந்த உருண்டைகள் நிற்கும். உடைத்த மால்ட்டிலும் அதேதான். கட்டிக்குள் தண்ணீர் போகாது, தண்ணீர் போகாத இடத்தில் நொதிக்கு வேலை இல்லை. ஒருவர் சிறுகச் சிறுகத் தூவ, இன்னொருவர் அடியிலிருந்து கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். தனியாக இருந்தால் கால் பங்கு போட்டு, கிளறி, அடுத்த கால் பங்கு. கடைசியில் கரண்டியைத் தொட்டியின் மூலைக்கு விட்டுத் தேடுங்கள். மூலையில்தான் கட்டி ஒளியும்.

கணக்குக்கு வருவோம். கிலோவுக்கு 3 லிட்டர் தண்ணீர், 4.5 கிலோவுக்கு 13.5 லிட்டர். மால்ட் அறைச் சூட்டில், அங்கே சுமார் 18 டிகிரியில் இருக்கும். அதைத் தண்ணீரில் கொட்டியதும் சூடு இறங்கும். எவ்வளவு என்பதற்கு எளிய வழி: 0.41ஐ, கிலோவுக்கு எத்தனை லிட்டரோ அதால் வகுத்து, வேண்டிய சூட்டுக்கும் மால்ட்டின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்குங்கள். 0.41ஐ 3ஆல் வகுத்து 49ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 6.7. ஆக 67 வேண்டுமானால் தண்ணீர் 74இல் இருக்க வேண்டும். தொட்டி சில்லென்று இருந்தால் அதுவும் சூட்டைக் குடிக்கும். முன்னாலேயே ஒரு கெட்டில் வெந்நீர் ஊற்றி, மூடிவைத்து, கொட்டிவிட்டுத் தொடங்குங்கள். தொட்டிக்குப் பெரிதாகப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. ஐஸ் பெட்டி வாங்கிக் குழாய் வைத்தால் போதும். நம் கரையில் மீனுக்குக் குளிர் வெளியே போகாமல் காக்கிற பெட்டிதான், அங்கே மால்ட்டுக்குச் சூடு வெளியே போகாமல் காக்கும்.

மூடி ஒரு மணி நேரம். நடுவில் ஒரு தடவை திறந்து கிளறினால் போதும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்காதீர்கள். முடிந்ததா என்று தெரிய, தெளிந்த சாறு ஒரு துளியை வெள்ளைத் தட்டில் விட்டு, பக்கத்தில் ஒரு சொட்டு அயோடின். கருநீலமானால் மாவு இன்னும் பாக்கி, இன்னும் கால் மணி நேரம் விடுங்கள். அயோடினின் பழுப்பு மாறாமல் இருந்தால் முடிந்தது. அந்தத் துளியை மட்டும் திரும்பத் தொட்டிக்குள் ஊற்றக்கூடாது.

தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாம் உப்புத் தண்ணீரோடு பிறந்தவர்கள், காவிரித் தண்ணீர் குழாயில் வருவதற்கு முன்னால் வீட்டுக் குண்டானின் அடியில் படிந்த வெள்ளையைச் சுரண்டியிருப்போம். லண்டன் தண்ணீரும் சுண்ணாம்புத் தண்ணீர்தான், உங்கள் கெட்டிலின் உள்பக்கமே சாட்சி. மேஷுக்கு வேண்டிய பிஹெச் (புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 5.2 முதல் 5.6. சுண்ணாம்புத் தண்ணீர் அதை மேலே இழுக்கும். கறுப்பு வறுவல் மால்ட் சேர்த்தால் அதன் புளிப்பு ஈடுகட்டிவிடும். லண்டன் கறுப்பு பீருக்குப் பேர்போனதில் அந்தத் தண்ணீருக்கும் பங்குண்டு. நீங்கள் போட்டது வெளிர் பீர் என்றால் அந்த உதவி கிடையாது. முதல் நாள் இரவே தண்ணீரைக் கால் மணி நேரம் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். காலையில் அடியில் வெள்ளை படிந்திருக்கும், அதைக் கலக்காமல் மேல் தண்ணீரை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். கொதிக்கக் கொதிக்க அப்படியே ஊற்றினால் பிரிந்த சுண்ணாம்பும் சேர்ந்து உள்ளே போய்விடும். மிச்சத்தை லாக்டிக் அமிலம் சில துளி விட்டு, பிஹெச் தாள் பார்த்துச் சரிசெய்யலாம். பதநீரில் சுண்ணாம்பு நொதிக்க விடாமல் காக்கிறது, மேஷிலோ அதே சுண்ணாம்பு எதிரி.

இனி ஸ்பார்ஜ்.

வீட்டில் தேங்காய்ப்பால் பிழிவதைப் பார்த்திருப்பீர்கள். துருவலில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிழிந்தால் முதல் பால், கெட்டி. சக்கையில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு மறுபடி பிழிந்தால் இரண்டாம் பால். இன்னொரு தடவை, மூன்றாம் பால். குழம்புக்கு அதையும் விடுவோம். நான்காவதாகப் பிழிந்தால் வருவது வெள்ளை நிறத்தில் இருக்கும் தண்ணீர், தேங்காயின் ஓட்டு வாசனையோடு. அதை யாரும் பால் என்று சொல்வதில்லை. ஸ்பார்ஜும் இப்படித்தான். உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம்.

13.5 லிட்டர் ஊற்றினீர்கள். மால்ட் கிலோவுக்கு ஒரு லிட்டர் வீதம் 4.5 லிட்டரைக் குடித்து வைத்துக்கொள்ளும். எனவே முதல் சாறு 9 லிட்டர்தான் இறங்கும், 1.075க்குக் கொஞ்சம் மேலே, தேன் மாதிரி. சக்கையில் தங்கிய 4.5 லிட்டரும் அதே இனிப்புதான், அதை விட மனசு வராது. 8 லிட்டர் தண்ணீர் 76 டிகிரியில் ஊற்றி, நன்றாகக் கிளறி, பத்து நிமிடம் விட்டு இறக்குங்கள். இது இரண்டாம் பால், 1.028 பக்கம் காட்டும். இன்னொரு 8 லிட்டர், அதே மாதிரி. மூன்றாம் பால் 1.010ஐத் தொடும். அங்கே நிறுத்துங்கள். 9, 8, 8 சேர்த்து 25 லிட்டர் கையில். மூன்றும் கலந்தால் 1.040. ஒரு மணி நேரம் கொதித்து 3 லிட்டர் ஆவியானால் 22 லிட்டர், 1.046. நீங்கள் எதிர்பார்த்த அதே எண். ஒரேயடியாக 16 லிட்டர் ஊற்றி ஒரே தடவையில் இறக்கினாலும் பெரிய நஷ்டமில்லை. மேலிருந்து தூவிக்கொண்டே கீழே இறக்கும் முறை வேறு. அது பெரிய வடிசாலைகளில் செய்வது. நானே வேலையிடத்தில் அதைச் செய்துவிட்டு வீட்டில் இப்படித்தான் செய்வேன்.

1.010க்குக் கீழே ஏன் போகக்கூடாது? சாற்றில் சர்க்கரை இருக்கும்வரை அதன் புளிப்பும் கூடவே இருந்து உமியைக் காக்கிறது. அலச அலசப் புளிப்புப் போய், பிஹெச் 6ஐ நோக்கி ஏறும். அப்போது உமியிலிருக்கும் துவர்ப்புச் சத்து கரையத் தொடங்கும். அதோடு சூடும் 77க்கு மேல் போனால் கேட்கவே வேண்டாம். நீங்கள் செய்தது இரண்டும்: தீர்ந்துபோன சக்கையில், சுண்ணாம்புத் தண்ணீர், கொதிக்கக் கொதிக்க. தேயிலையை மறந்து அடுப்பிலேயே விட்ட டீ எப்படி நாக்கை இழுக்குமோ, அதே டானின்தான் உங்கள் பீரிலும். இது வைத்திருந்தால் போய்விடும் என்று நம்ப வேண்டாம், ஓரளவு குறையும், அவ்வளவுதான். அந்த மூன்று ஊற்றலில் உங்களுக்குக் கிடைத்த சர்க்கரையும் சொற்பம். கூடுதல் தண்ணீர் சேர்ந்துதான் எண்ணை 1.034 வரை கீழே இழுத்திருக்கும் என்றுகூடச் சொல்வேன். எண் குறைவாக வந்தால் குறைவாகவே விடுங்கள், இலேசான பீராக இருந்துவிட்டுப் போகட்டும். மனசு கேட்கவில்லையா, ஏற்கெனவே வாங்கிய டின் சாற்றில் கொஞ்சம் கொதியில் சேருங்கள்.

ஹைட்ரோமீட்டர் பார்க்கும் முறையையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வாலிநோக்கம் உப்பளத்தில் பாத்தித் தண்ணீரில் மீட்டரை மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பார்கள், அதே கருவியின் தம்பிதான் இது. பெரும்பாலும் 20 டிகிரிக்கு அளவு போட்டிருக்கும். சுடச்சுடச் சாற்றில் விட்டால் பதினைந்து புள்ளிக்கு (0.015) மேலேகூடக் குறைத்துக் காட்டும். இறக்கும்போது இனிப்புப் போதவில்லை என்று தோன்றியதாகச் சொன்னீர்களே, அப்போது சாறு எவ்வளவு சூடாக இருந்தது? டம்ளரில் எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆறவிட்டுப் பாருங்கள். இல்லாத குறைக்கு மருந்து தேடியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

இன்னும் ஒரு விஷயம்: சாற்றை எப்படி இறக்குவது. கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் தண்ணீர் அள்ளியதைப் பார்த்திருப்பீர்கள், ஒருவேளை அள்ளியும் இருப்பீர்கள். முதலில் வருவது கலங்கல். அதை வெளியே ஊற்றிவிட்டுக் காத்திருந்தால் மணலே வடிகட்டித் தெளிந்த தண்ணீரைத் தரும். அவசரப்பட்டு வேகமாக அள்ளினால் ஓரம் சரிந்து எல்லாம் குழம்பும். மால்ட் படுகையில் மணல் செய்கிற வேலையை உமி செய்கிறது. கிழியாமல் உடைக்கச் சொன்னது இதற்குத்தான். குழாயை லேசாகத் திறந்து, முதலில் வரும் இரண்டு மூன்று லிட்டர் கலங்கலைப் படுகையின் மேல் மெல்லத் திரும்ப ஊற்றுங்கள். ஊற்றும் இடத்தில் ஒரு தட்டு வைத்தால் குழி விழாது. மாவு மிதக்காமல் தெளிந்து வந்ததும் பாத்திரத்துக்கு விடலாம். அப்போதும் முழுசாகத் திறக்கக்கூடாது. வேகமாக இழுத்தால் படுகை அமுங்கி இறுகிவிடும், சொட்டுக்கூட வராது. அப்படி நின்றுபோனால் பதறாமல் குழாயை மூடி, நன்றாகக் கிளறி, பத்து நிமிடம் படியவிட்டு, கலங்கலைத் திரும்ப ஊற்றுவதிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

கோதுமை மால்ட் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் அதற்கு உமியே கிடையாது, அதிகம் போட்டால் அடைக்கும். அதற்கு அங்கே கடையில் நெல் உமியைப் பாக்கெட் போட்டு விற்பார்கள். முதல் தடவை விலையைப் பார்த்து நின்றுவிட்டேன். திருவாடானைப் பக்கம் அரிசி ஆலை வாசலில் மலைபோலக் குவிந்து, காற்றடித்தால் கண்ணில் விழுகிற உமி. வாங்கத்தான் வேண்டியிருந்தது. ஒரு பிடி இரண்டு பிடி கழுவி மேஷில் கலந்தால் போதும்.

அடுத்த தடவை தண்ணீரை முந்தின இரவே கொதிக்கவைத்து இறுத்துவிடுங்கள். மூன்று பாலையும் தனித்தனிப் பாத்திரத்தில் பிடித்து, ஆறவைத்து, மூன்று எண்ணையும் எனக்கு எழுதுங்கள். முதல் பாலே 1.060க்குக் கீழே இருந்தால் உடைத்த பதத்திலோ கட்டியிலோதான் கோளாறு. முதல் பால் சரியாக இருந்து இரண்டாம் பால் மட்டும் குறைந்தால் தண்ணீர் ஊற்றிய பிறகு சரியாகக் கிளறவில்லை. சக்கையை மட்டும் அன்றைக்கே தொட்டியிலிருந்து அள்ளி வெளியே போட்டுவிடுங்கள். நான் ஒரு வெயில் நாளில் இரவு முழுக்க விட்டு, மறுநாள் மூடியைத் திறந்தபோது வந்த நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிட்டார்.